மறுபடி காட்டாத கோல்

திரைச்சீலையின் கீழ்மடிப்பு பாதி ஓடியிருந்தபோது மாடிப்படியில் எலெக்ட்ரீஷியனின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி விட்டு ஒரு படி தாவி இறங்குகிற சத்தம். நல்ல சேதி இருந்தால்தான் அவன் அப்படி இறங்குவான். மற்ற நாளில் தோளில் வயர்ச் சுருளோடு, படியைக் கட்டினவனைத் திட்டிக்கொண்டே வருகிறவன். அக்கா தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். ஜன்னலோர நாற்காலியில் பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் புருஷனின் கையும் நின்றது. பஸ் கண்டக்டராக இருந்தவர். கண் போய் வேலையை விட்ட பிறகும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். இரண்டு ஓட்டைப் பொத்தான் ஒரு டப்பா, நாலு ஓட்டைப் பொத்தான் ஒரு டப்பா என்று விரலால் தடவிப் பிரித்துக் கொடுப்பார். பேச்சு சுவாரசியமாகிவிட்டால் எல்லாம் ஒரே டப்பாவுக்குள் போகும். அக்கா பிறகு சத்தமில்லாமல் பிரித்துக்கொள்வாள்.

"அண்ணே, ரெண்டு டிக்கெட் இருக்கு," என்றான் எலெக்ட்ரீஷியன், வாசலைத் தாண்டுவதற்கு முன்பே. "சனிக்கிழமை மேட்ச். கடையில வேன் பிடிச்சுப் போறோம்னு சொன்னேன்ல. முதலாளியோட மச்சான் கால்ல கட்டு போட்டுட்டாரு. மச்சான் இல்லாம நம்ம முதலாளி பல்லுகூட விளக்க மாட்டாரு. ரெண்டு சீட்டும் காலி."

சனிக்கிழமை மேட்ச் என்றால் எந்த மேட்ச் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வெளிநாட்டு அணி வந்து இறங்கியிருந்தது. ஜெயித்தால் நம் அணி முதல் தடவையாகப் பெரிய போட்டிக்குப் போகும். சமமாக முடிந்தால்கூட வீட்டுக்குத்தான். மேட்ச் நடக்கும் நகரம் வேனில் அரை நாள் தூரம்.

"கண்ணு தெரியாதவனுக்கு முழு டிக்கெட் எதுக்குப்பா? அரை டிக்கெட் கிழிச்சுக் குடு, போதும்," என்றார் கண்டக்டர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த பொத்தானை எந்த டப்பாவிலும் போடாமல் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டார். அதை அக்கா பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்கண்ணே. என்னக்கா, நீங்கதான முடிவு பண்ணணும். நீங்க இல்லாம அண்ணன் என்னத்தைப் பார்ப்பாரு?"

அவன் சொன்னதில் தப்பில்லை. கண்டக்டர் மேட்ச் பார்ப்பது அக்காவின் வாயால்தான். பார்வை அவரிடமிருந்து ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் டிக்கெட்டில் இருக்கும் எண், அப்புறம் பின்சீட்டில் இருப்பவர்களின் முகம், கடைசியில் பஸ்ஸே. வாலிபத்தில் பணிமனை அணிக்கு ஆடினவர், அதனால் பந்தாட்டத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். ஆனால் டிவியில் பேசுகிறவர்கள் கண் இருப்பவர்களுக்காகப் பேசுகிறவர்கள். 'ஆகா, அற்புதமான நகர்வு' என்பார்கள். யார் நகர்ந்தான், எந்தப் பக்கம் நகர்ந்தான் என்று சொல்ல மாட்டார்கள். கண்டக்டர் கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி, கூட்டத்தின் சத்தத்தை வைத்து எதையோ பிடிக்கப் பார்ப்பார். ஒருநாள் அதைப் பார்க்கப் பொறுக்காமல், மிஷினில் இருந்தபடியே அக்கா வாயைத் திறந்தாள்.

அவளுக்குப் பந்தாட்டம் தெரியாது, துணிதான் தெரியும். அதனால் துணியாகவே சொன்னாள். "வலது ஓரமாவே போறான் ஒருத்தன், ஓரம் தைச்சுக்கிட்டே போறான்... இப்ப உள்ள மடிச்சுட்டான்... நடுவுல ரெண்டு பேரு, பொத்தான் காஜா அளவுதான் இடம், அதுல பந்தைக் கோர்த்துட்டான்... ஐயோ, நூல் அறுந்துபோச்சு." கண்டக்டருக்கு அன்றைக்குத்தான் மைதானம் மறுபடி கிடைத்தது. கொஞ்ச நாளில் எலெக்ட்ரீஷியனும் மாடியில் டிவியை அணைத்துவிட்டுக் கீழே வந்து உட்காரத் தொடங்கினான். அவனுக்குக் கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த முதல் நாளில்தான் அவளுக்குப் பட்டப்பெயரும் வந்தது. நம் அணி கோல் போட்டது. அக்கா சொன்னாள். உடனே இன்னொரு கோல் விழுந்தது, வேறு பக்கத்திலிருந்து. அதையும் சொன்னாள். மூச்சு விடுவதற்குள் மெதுவாக இன்னொன்று. கண்டக்டர் பழைய விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினார். மறுநாள் டீக்கடையில் போய், மூன்று கோல் அடித்து நொறுக்கிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்தினார். கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. விழுந்தது ஒரே கோல். டிவிக்காரன் அதைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறான். அதிலிருந்து அவள் மூணுகோல் அக்கா. சின்னப் பிள்ளைகள்கூடச் சட்டையைக் கொடுத்துவிட்டு, "மூணுகோல் அக்கா, அம்மா கை சின்னது பண்ணச் சொன்னாங்க," என்று போகும்.

ஆனால் அந்தத் தப்புக்கு உள்ளே இருந்த காரணம் யாருக்கும் தெரியாது. பந்து கோல் பெட்டியை நெருங்கியதும் அக்காவுக்குப் பயம் வந்துவிடும். கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். பிடித்து நிறுத்திப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. கூச்சல் கேட்டபிறகுதான் திறப்பாள். டிவியில் மறுபடி காட்டுவதைப் பார்த்துத்தான் கோல் எப்படி விழுந்தது என்று சொல்வாள். இத்தனை வருஷத்தில் ஒரு கோலைக்கூட அவள் அது விழுகிற நேரத்தில் பார்த்ததில்லை. தைத்துக் கொடுத்த துணியில் ஒரு தையல் விட்டிருந்தால் இரவெல்லாம் தூங்காதவள், இதை மட்டும் உள்ளே மடித்து வைத்துத் தைத்திருந்தாள். மைதானத்தில் ஒரு கோல் ஒரு தடவைதான் விழும். அங்கே அவரைக் கூட்டிக்கொண்டு போய், அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால்?

அதனால் வாய்க்கு வந்த காரணத்தையெல்லாம் சொன்னாள். பள்ளிக்கூடத்துத் திரைச்சீலை திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும் என்றாள். முட்டி வலி என்றாள். மகளுக்கு போன் போட்டாள், மகள் வேண்டாம் என்பாள் என்று தெரிந்தே. மகளும் ஏமாற்றவில்லை. "உங்களுக்கு என்னம்மா ஆச்சு? அப்பாவ அந்தக் கூட்டத்துல தள்ளிவிட்டா யாரு தேடறது? டிவில இதைவிட நல்லாத் தெரியுமே," என்றாள்.

"சரிதான். அவ சொல்றது சரிதான்," என்றார் கண்டக்டர். "டிவில நல்லாத் தெரியும்." பொத்தான் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை அக்கா பல் விளக்கிவிட்டு வரும்போது, அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வேலையை விட்டபிறகு காலில் ஏறாத ஷூ. "சும்மாத்தான். தூசி படிஞ்சு கிடக்கும்," என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. பழுப்பு ஷூ அது. அவர் கையில் இருந்தது கறுப்புப் பாலிஷ். ஒரு ஷூ முழுக்கக் கறுப்பாகி, வெயிலில் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்ததை மடியில் வைத்து, அதன் முனையில் இருந்த தூசியைத் துணியால் தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

அக்கா பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"கோல் விழும்போது நான் கண்ணை மூடிக்குவேங்க."

தேய்க்கிற கை நின்றது. அவள் நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது. "பயமா வருது. தானா மூடிக்குது. டிவில மறுபடி காட்டுவான் இல்ல, அதைப் பார்த்துத்தான் உங்களுக்குச் சொல்றது. ஒரு கோலைக்கூட நான் நேரா பார்த்ததில்ல. அங்க வந்து நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அக்கா பதறிப்போனாள். அழுகிறார் என்று நினைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா ரெண்டு பேருமே பார்க்கலைன்னு சொல்லு."

"சிரிக்காதீங்க."

"எனக்குத் தெரியும்மா. பந்து பெட்டிகிட்ட போனா உன் பேச்சு நின்னுடும். எதிர்வீட்டுல கத்துவாங்க, பக்கத்து வீட்டுல கத்துவாங்க, மாடிக்காரன் இங்கயே குதிப்பான். எல்லாம் அடங்கினப்புறம் நீ ஆரம்பிப்ப. நம்ம வீட்டுக் கோல் எப்பவும் லேட் வண்டிதான்."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?"

"லேட்டா வந்தாலும் ஸ்டாப்புல நின்னு என்னை ஏத்திக்கிட்டுத்தான போச்சு? என்ன சொல்லச் சொல்ற?" ஷூவைக் கீழே வைத்தார். "எனக்குக் கோல் வேணாம். பணிமனையில ஆடுறப்ப, பலகை போட்டு ஜனங்க நிப்பாங்க. கத்தினாங்கன்னா மண்ணே அதிரும், அது காலு வழியா மேல ஏறும். டிவில அது வராது. அது ஒரு தடவை ஏறினாப் போதும். நீ மூடிட்டா, மூடிட்டேன்னு சொல்லு. விழாத கோலை மட்டும் சொல்லிடாத. அங்க கூட்டம் ஜாஸ்தி, மூணு நாளைக்குச் சிரிப்பாங்க."

அக்கா எழுந்து மாடிப்படி அடியில் நின்று கூப்பிட்டாள். "தம்பி, அங்க கோல் விழுந்தா மறுபடி காட்டுவாங்களா?"

மேலேயிருந்து தலை எட்டிப் பார்த்தது. "பெரிய ஸ்கிரீன் இருக்குக்கா. நம்ம வீட்டுச் சுவரு அகலத்துக்கு. எல்லாத்தையும் காட்டுவான்."

"அப்ப ரெண்டு சீட்டையும் யாருக்கும் குடுத்துடாத."

அவள் உள்ளே வந்து, கண்டக்டரின் மேல்சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மிஷின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "இதை அங்க ஊதினீங்கன்னா ஆட்டமே நின்னுடும்."

சனிக்கிழமை வேனில் கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஒரு கால் கறுப்பு, ஒரு கால் பழுப்பு; அக்கா சொல்லவில்லை, வேறு யாரையும் சொல்லவும் விடவில்லை. பழைய ரூட் என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். "இப்ப பாலம் வரும் பாரு," என்றார். பாலம் வரவில்லை. வேன் புதிதாகப் போட்ட சுற்றுச்சாலையில் வெகுநேரமாகப் போய்க்கொண்டிருந்தது. "ஸ்டாப்பையெல்லாம் தள்ளி வெச்சுட்டானுங்க," என்று முணுமுணுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

மைதானத்துக்குள் நுழையும்போது கம்பிக் கதவுகளும் வரிசையும் வியர்வையும். அக்கா அவர் முழங்கையை விடவேயில்லை. படியேறி இருக்கையைக் கண்டுபிடித்து உட்கார்ந்ததும் முதலில் பெரிய ஸ்கிரீனைத் தேடினாள். இந்தக் கோடியில் இல்லை, அந்தக் கோடியில் இல்லை. எதிரே கோல் எண்ணிக்கை காட்டும் பலகை மட்டும் இருந்தது.

"தம்பி, எங்க அது?"

எலெக்ட்ரீஷியன் மெதுவாகத் தலையை நிமிர்த்தினான். அவளும் நிமிர்ந்தாள். ஸ்கிரீன் அவர்கள் தலைக்கு நேர் மேலே, முதுகைக் காட்டாமல் அடியைக் காட்டிக்கொண்டு நின்றது. தெரிந்ததெல்லாம் இரும்புச் சட்டமும் தொங்குகிற வயர்களும்தான். மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும், அவர்கள் உட்கார்ந்திருந்த பகுதிக்கு மட்டும் தெரியாது. "கனெக்‌ஷன் நல்லாத்தான் குடுத்திருக்கான்," என்றான் எலெக்ட்ரீஷியன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அக்கா வேறு இடம் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள். ஆனால் அதற்குள் ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள், கூட்டம் எழுந்தது, பலகைத் தளம் அதிர்ந்தது. கண்டக்டர் இரண்டு கால்களையும் கீழே நன்றாக ஊன்றி, வாய் லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் நிறைய ஜனம் ஏறி, விசில் ஊதியபிறகு வண்டி முதல் தடவையாக நகரும்போது அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். "ஏறுது," என்றார். "ஏறுதும்மா."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தடுமாறினாள். ஆட்டக்காரர்கள் பொத்தான் அளவுக்கு இருந்தார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று டிவிதான் சொல்லும். இங்கே யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போனபிறகு அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாள் வெட்டின துண்டுகளைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போதுதான் முழுத் துணியும் மேஜைமேல் விரிந்திருக்கிறது. பந்து இருக்கிற இடம் தெரிந்தது. பந்து இல்லாத இடமும் தெரிந்தது. டிவி ஒருநாளும் காட்டாத இடம் அது.

"இடது ஓரத்துல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். சட்டை அவனுக்கு ஒரு சைஸ் பெருசு, தொளதொளன்னு தொங்குது. தோள்ல பிடிச்சிருக்கணும். கையைத் தூக்கிக்கிட்டே ஓடறான், ஒருத்தனும் பந்து குடுக்க மாட்டேங்கிறான். இவனை யாருமே பார்க்கலங்க."

"அவனைப் பார்த்துக்கிட்டே இரு," என்றார் கண்டக்டர்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் எதிரணி பந்தைக் கொண்டுவந்தது. அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், வந்தாள், பேச்சு நின்றுவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கூட்டம் ஐயோ என்று இழுத்தது, பிறகு உஸ்ஸென்று மூச்சு விட்டது.

"என்ன ஆச்சு?"

"மூடிட்டேங்க. தெரியல. மூடிட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் குனிந்து, "கம்பத்துல பட்டு வெளிய போச்சு சார்," என்றார். கண்டக்டர் தலையாட்டினார். அக்காவின் கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பந்துதான் உன்னைப் பயமுறுத்துது," என்றார். "அதைப் பார்க்காத. அதை இத்தனை பேரு பார்க்கிறாங்க இல்ல. நீ அந்தத் தொளதொளச் சட்டையை மட்டும் சொல்லு."

இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. துணியைத் திருப்பிப் போட்டாற்போல எல்லாம் மாறிப்போய், தொளதொளச் சட்டைக்காரன் அவர்களின் வலது கைப் பக்கம் வந்துவிட்டான். நம் அணி இப்போது அவர்களை நோக்கித்தான் ஆடியது. அக்கா அவனைத் தவிர எதையும் சொல்லவில்லை. நின்றான், ஓடினான், இடுப்பில் கை வைத்தான், கையைத் தூக்கினான், சலித்துப்போய் இறக்கினான். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "ஏம்மா, ஆட்டம் அந்தப் பக்கமில்ல நடக்குது," என்றார். "நடக்கட்டும்யா, நீங்க பாருங்க," என்றார் கண்டக்டர்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பலகையில் இரண்டு பக்கமும் சைபர். கூட்டத்தின் சத்தத்தில் எரிச்சல் ஏறியிருந்தது. சிலர் எழுந்து வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது எதிர் ஓரத்திலிருந்து ஏதோ கிளம்பியது. எல்லாத் தலையும் இடது பக்கம் திரும்பியது. அக்காவின் தலை மட்டும் திரும்பவில்லை.

"நிமிந்துட்டான்... ஓட ஆரம்பிச்சுட்டான்... இந்தத் தடவை கையைத் தூக்கல. கூட ஒருத்தனும் இல்ல, அவங்க எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. உள்ள மடிக்கிறான்... சட்டை பின்னாடி பறக்குது... தனியா வரான்... காலை நீட்டிட்டான்..."

பந்து எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நீட்டின காலுக்கு அது வந்து சேர்ந்தது. கோல்கீப்பர் மறுபக்கம் சாய்ந்தான். ஜன்னல் திரையில் காற்றுப் புகுந்தாற்போல வலை மெல்ல உப்பியது. அது உப்பியதையும், ஒரு கணம் அப்படியே நின்றதையும், பந்து அதிலிருந்து வழிந்து கீழே உருண்டதையும் அக்கா பார்த்தாள். இரண்டு கண்ணும் விரியத் திறந்திருந்தன.

"கோலுங்க," என்றாள், சின்னக் குரலில்.

அதற்குப் பிறகுதான் மைதானம் வெடித்தது. கீழேயிருந்து, மேலேயிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கண்டக்டரை யாரோ தூக்கினார்கள், யாரோ கட்டிப்பிடித்தார்கள். அவர் அந்த ஆரவாரத்துக்குள் அவள் காதைத் தேடிக் கண்டுபிடித்து, "வண்டி முன்னாடியே வந்துடுச்சு," என்று கத்தினார். "எல்லாருக்கும் முன்னாடி நான் ஏறிட்டேன்." கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை காலியில்லை.

சத்தம் கொஞ்சம் தாழ்ந்தபோது எதிர்ப்பக்கத்துக் கூட்டம் மறுபடி ஆரவாரித்தது. அவர்களுக்கு ஸ்கிரீனில் கோலைத் திருப்பிக் காட்டுகிறார்கள். இந்தப் பகுதியில் எல்லோரும் தலையை அண்ணாந்து இரும்புச் சட்டத்தைப் பார்த்தார்கள்.

"நான் பார்க்கலக்கா," என்றான் எலெக்ட்ரீஷியன் அழாக்குறையாக. "தண்ணி பாட்டில் எடுக்கக் குனிஞ்சேன். இவ்வளவு தூரம் வந்து குனிஞ்சுட்டேன்."

"நான் பந்தைப் பார்த்தேன், அடிச்சவன் எங்கேருந்து வந்தான்னே தெரியல," என்றார் முன்வரிசைக்காரர்.

"மறுபடி காட்டும்மா," என்றார் கண்டக்டர்.

அவள் காட்டினாள். முதலில் தொளதொளச் சட்டைக்காரன் நிமிர்ந்த இடத்திலிருந்து. பிறகு, சாய்ந்துபோன கோல்கீப்பரின் பக்கத்திலிருந்து. முன்வரிசை முழுக்க ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தது. பின்வரிசை அவள் தோளுக்கு மேல் குனிந்திருந்தது. மூன்றாவது தடவை மெதுவாகச் சொன்னாள், கண்டக்டரின் முதுகில் விரலால் கோடு இழுத்து: இங்கே நிமிர்ந்தான், இங்கே மடித்தான், இங்கே காலை நீட்டினான், இதோ வலை. வலை என்று அவள் உள்ளங்கையை விரித்து அழுத்தியபோது அந்த வரிசைகள் மறுபடியும் கத்தின, புதிதாக ஒரு கோல் விழுந்ததைப் போல.

கண்டக்டரின் சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மகள். அவள் டிவியில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள். ஆனால் அவள் சொல்வது எதுவும் கேட்கவில்லை, இவர் சொல்வது அங்கே கேட்கவும் வழியில்லை. ஆட்டம் இன்னும் முடியவில்லை. எதிரணி பந்தை நடுவில் வைத்துவிட்டது, விசில் ஊதியாகிவிட்டது. எதிரே பலகையில் ஒன்று, சைபர் என்று விளக்கு எரிந்தது.

"மூணும்மா," என்று போனுக்குள் கத்தினார் கண்டக்டர். "மூணு கோல்." கறுப்பு ஒன்றும் பழுப்பு ஒன்றுமாக இரண்டு ஷூவையும் தளத்தில் ஊன்றி எழுந்து நின்று, மகளுக்குத் தெரிகிறமாதிரி, மூன்று விரலை உயரத் தூக்கிப் பிடித்தார்.